ஊர் கூடி இழுக்கும் தேர்
கணிப்பொறித் துறையும் அதன் மூன்று உறவுகளும்

பல்கலைக் கழகத்து அறிவிப்புப் பலகையைப் பார்க்கும் பழக்கமுள்ள நண்பர்கள் ஒரு படத்தை அடிக்கடி கண்டிருப்பார்கள். நீண்ட மேசை ஒன்று. அதன்மேல் இரண்டு கோப்புகள். இரு பெரியவர்கள் கைகுலுக்குகிறார்கள். பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். படத்தின் கீழே, இன்ன நிறுவனத்தோடு இன்ன துறை புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டது என்று ஒரு வரி இருக்கும். அப்படியொரு படத்தின் முன் நின்று விடுதி நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார்: "இதனால் நமக்கு என்ன கிடைக்கும்?"

நல்ல கேள்வி. நான் உடனே விடை சொல்ல முடியாமல் விழித்தேன். பிறகு படித்தும் எண்ணியும் பார்த்ததை இங்கே எழுதுகிறேன். நம்மில் பலர் இன்றோ நாளையோ இத்தகைய ஒப்பந்தங்களின் கீழ்தான் படிக்கப் போகிறோம், ஆராயப் போகிறோம், வேலைக்குப் போகப் போகிறோம். ஆகவே அவை எவ்வாறு அமைகின்றன, எங்கே பயன் தருகின்றன, எங்கே ஏமாற்றுகின்றன என்று அறிந்திருப்பது நம் கடமை அன்றோ?

ஊர் கூடித் தேர் இழுத்தால்தான் தேர் நிலைக்கு வரும் என்பார்கள். கணிப்பொறித் துறை அத்தகைய தேர். இலக்கணம் கற்பிக்க ஓர் ஆசிரியரும் சில நூல்களும் போதும். கணிப்பொறி இயலுக்கு அவ்வளவு போதாது. முதலாவது, பொறியின் விலை மிகுதி. இரண்டாவது, இன்று கற்ற கருவி பத்தாண்டில் பழையதாகிவிடுகிறது. மூன்றாவது, தீர்க்க வேண்டிய கணக்குகள் துறைக்குள்ளே பிறப்பதில்லை. வங்கியிலும் ரயில் நிலையத்திலும் மருத்துவ மனையிலும் பிறக்கின்றன. இம்மூன்று காரணங்களால்தான் அயல் நாட்டோடும் தொழிலோடும் மக்களோடும் இத்துறை உறவு கொள்ள வேண்டியிருக்கிறது. ஒவ்வோர் உறவையும் நம் நாட்டு உதாரணம் கொண்டே பார்ப்போம்.

கடல் கடந்த உறவு

நாடு விடுதலை பெற்ற பிறகு எழுந்த தொழில் நுட்பக் கழகங்கள் சில, அயல் நாட்டுத் துணையோடு வளர்ந்தவை. பம்பாய்க்குச் சோவியத் நாடு உதவியது. சென்னைக்கு மேற்கு ஜெர்மனி உதவியது. கான்பூரில் 1959இல் தோன்றிய கழகத்திற்கு அமெரிக்கா உதவியது. 1962 முதல் 1972 வரை, ஒன்பது அமெரிக்கப் பல்கலைக் கழகங்கள் ஒன்று சேர்ந்து கான்பூருக்குத் துணை நின்றன. எம்.ஐ.டி., கால்டெக், பெர்க்கிலி, பிரின்ஸ்டன், பர்டியூ, மிச்சிகன், ஒஹையோ மாநிலப் பல்கலைக் கழகம், கார்னகி, கேஸ் என்பன அவை.

1963 ஆகஸ்டில் ஐ.பி.எம். 1620 என்னும் கணிப்பொறி கான்பூர் வந்து சேர்ந்தது. பெர்க்கிலியிலிருந்து ஹாரி ஹஸ்கியும், பிரின்ஸ்டனிலிருந்து ஃபோர்மன் ஆக்டனும் இர்விங் ராபினோவிட்சும் அதனை நிலைநிறுத்தத் துணை நின்றார்கள். இன்று நம் சட்டைப் பையிலுள்ள தொலைபேசியோடு ஒப்பிட்டால் அது ஒரு பொம்மை எனலாம். அவ்வகைப் பொறியின் அடிப்படை அமைப்பில் நினைவகம் 20,000 இலக்கங்களையே கொள்ளும். அதன் முதல் மாதிரிக்கு நேரே கூட்டத் தெரியாது. நாம் பள்ளியில் வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்ததுபோல, கூட்டல் வாய்ப்பாட்டை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்தே விடை சொல்லும்!

ஆயினும் கான்பூரின் சிறப்பு அந்தப் பொறியில் இல்லை. பொறியைச் சுற்றி அவர்கள் அமைத்த பாடமுறையில் இருக்கிறது. பொறியியல் மாணவர்களுக்கு நிரல் எழுதும் கலை வகுப்பிலேயே கற்பிக்கப்பட்டது. வெளியிலிருந்து வரும் விஞ்ஞானிகளுக்கும் பொறியாளர்களுக்கும் ஃபார்ட்ரான் மொழியில் குறுகிய காலத் தீவிர வகுப்புகள் நடந்தன. பல ஊர்களிலிருந்து வந்தவர்கள் சில நாட்களில் கற்றுக்கொண்டு தத்தம் ஊருக்குத் திரும்பினார்கள். ஒரு விளக்கிலிருந்து பல விளக்குகள் ஏற்றப்பட்டன. 1966இல் இன்னும் பெரிய ஐ.பி.எம். 7044 பொறியும் வந்து சேர்ந்தது.

இந்தப் பாடமுறையை வகுத்தவர்களில் முதன்மையானவர் பேராசிரியர் வி. ராஜாராமன். நம் சங்கத்து நண்பர்கள் அவரைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டும். 1933இல் ஈரோட்டில் பிறந்தவர். டில்லியில் சென்னை மாகாணத்தவர் நடத்திய பள்ளியில் படித்தவர். நம்மைப் போலவே ஊரை விட்டு வந்து வளர்ந்த தமிழர். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திலும், பின்னர் எம்.ஐ.டி.யிலும் விஸ்கான்சினிலும் பயின்றார். அமெரிக்காவிலேயே தங்கிவிட வழி இருந்தும் 1963இல் கான்பூருக்கு வந்தார். வகுப்புக்காக எழுதிய குறிப்புகளை நூலாக்கி, மாணவர் வாங்கக்கூடிய விலையில் வெளியிடச் செய்தார். நாட்டில் எத்தனையோ கல்லூரிகளில் கணிப்பொறி கண்ணால் காணாத மாணவரும் அவர் நூலைப் படித்தே நிரல் எழுதப் பழகினார்கள்.

1972இல் திட்டம் முடிந்து அமெரிக்கப் பேராசிரியர்கள் ஊர் திரும்பினார்கள். அப்போது கான்பூரில் என்ன மிஞ்சியது? பாடமுறை மிஞ்சியது. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் மிஞ்சினார்கள். 1971இல் கணிப்பொறி இயலுக்கென்றே தனி மேற்பட்டப் படிப்பு தொடங்கியிருந்தது. 1984இல் தனித் துறையே அமைந்தது. துணைக்கு வந்தவர் போன பின்னும் வேலை நிற்காமல் நடப்பதே நல்ல துணைக்கு அடையாளம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அக்கழகங்களில் படித்துத் தேறிய இளைஞர்களில் பலர் கடல் கடந்து சென்றனர், திரும்பாதவரும் பலர். பாலம் ஒன்று கட்டினால் அதன்மேல் இரு பக்கமும் ஆட்கள் நடப்பார்கள். எந்தப் பக்கம் அதிகம் நடக்கிறார்கள் என்பதைப் பாலம் தீர்மானிப்பதில்லை. இரு கரையிலும் கிடைக்கும் வாழ்க்கை தீர்மானிக்கிறது.

தொழிலோடு உறவு

தொழில் நிறுவனமும் பல்கலைக் கழகமும் சந்திக்கும் வழிகள் பல. நிறுவனம் ஒரு சிக்கலைக் கொடுத்து, அதை ஆராயப் பணமும் கொடுப்பது ஒரு வழி. ஆசிரியர் நிறுவனத்திற்கு ஆலோசனை சொல்லிக் கட்டணம் பெறுவது இன்னொரு வழி. மாணவர் விடுமுறையில் நிறுவனத்தில் பயிற்சி பெறுவது மூன்றாவது. நிறுவனத்தார் பாடத்திட்டக் குழுவில் அமர்ந்து கருத்துச் சொல்வது நான்காவது. இவை எல்லாவற்றினும் பழமையான வழி ஒன்று உண்டு. படித்து முடித்த மாணவனே தொழிலுக்குப் போய்ச் சேர்வது. கான்பூரில் 1969இல் முதுநிலைப் பட்டம் பெற்ற நாராயண மூர்த்தி 1981இல் நண்பர்களோடு சேர்ந்து இன்போசிஸ் நிறுவனத்தைத் தொடங்கியது பலரும் அறிந்ததே.

தொழிலின் தேவை படிப்பையே மாற்றும் என்பதற்கும் சான்று உண்டு. 1970களின் இறுதியில், நாட்டிற்கு எத்தனை கணிப்பொறி வல்லுநர் தேவை என்று ஆராய ராஜாராமன் தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. பொறியியல் பட்டதாரிகளை மட்டும் நம்பினால் போதாது என்று அக்குழு கண்டது. அதன் பரிந்துரையால் எழுந்ததுதான் எம்.சி.ஏ. என்னும் பட்டம். அன்று அது மூன்றாண்டுப் படிப்பு. கணிதமும் பௌதிகமும் வணிகவியலும் படித்த சாதாரணப் பட்டதாரிகளுக்கு, சிறிய ஊர்க் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு, இத்துறையின் கதவு அதனால் திறந்தது. நம் உறவினர்களில் எத்தனை பேர் அக்கதவு வழியாக உள்ளே வந்தவர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இனிச் சென்னைக்கு வருவோம். 1990களில் அங்குள்ள தொழில் நுட்பக் கழகத்தில் மின்னியல் துறையினரும் கணிப்பொறித் துறையினரும் சேர்ந்து டெனட் என்ற பெயரில் ஒரு குழுவாக வேலை செய்தார்கள். அசோக் ஜுன்ஜுன்வாலா, பாஸ்கர் ராமமூர்த்தி, திமோத்தி கோன்சால்வ்ஸ் ஆகிய பேராசிரியர்கள் அக்குழுவினர். அன்று ஒரு வீட்டிற்குத் தொலைபேசி கொடுக்க அரசுக்கு 30,000 ரூபாய்க்கு மேல் செலவாயிற்று. அச்செலவைப் பத்தாயிரம் அளவிற்குக் குறைத்தாலொழியக் கிராமத்து ஏழைக்குத் தொலைபேசி கிடைக்காது என்று ஜுன்ஜுன்வாலா வாதிட்டார். செலவில் பெரும் பகுதி, கம்பியை மண்ணில் புதைத்து வீடுவரை இழுப்பதில் போயிற்று. ஆகவே கம்பியே இல்லாமல் வானொலி அலையால் வீட்டை இணைக்கும் கார்டெக்ட் என்னும் முறையை வகுத்தார்கள். தடையில்லா நேர்ப்பார்வையில் பத்துக் கிலோமீட்டர் தொலைவுவரை அது எட்டும். பேச்சோடு இணையத்தையும் கொடுக்கும்.

இதில் யார் யார் என்ன செய்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆராய்ச்சியும் அடிப்படை வடிவமும் கழகத்தில் நடந்தன. அக்கழகத்தின் பழைய மாணவர்கள் தொடங்கிய மைடாஸ் என்னும் நிறுவனம் பொருளை உருவாக்கியது. நுண்சில்லு வேலையில் அனலாக் டிவைசஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் கைகோத்தது. முன்பெல்லாம் அயல் நாட்டிலிருந்து வந்த பொறியை நாம் பெற்றுக்கொண்டோம். இங்கே கேள்வி நம்முடையது. அதற்கு விடை காண அயலார் துணைக்கு வந்தார்கள். இவ்வேறுபாடு சிறிதன்று.

இந்த அனுபவத்தின் தொடர்ச்சியாகவே 2010இல் சென்னைக் கழகத்தை ஒட்டி ஆராய்ச்சிப் பூங்கா திறக்கப்பட்டது. ஒரு நிறுவனம் அங்கே வாடகை கொடுத்து இடம் பிடித்தால் மட்டும் போதாது. ஆசிரியரோடு ஆராய்ச்சி நடத்துதல், மாணவருக்குப் பயிற்சி தருதல் முதலிய செயல்களால் அது மதிப்பெண் ஈட்ட வேண்டும். நமக்குத் தேர்வு இருப்பதுபோல் அவர்களுக்கும் ஒரு தேர்வு! வெறும் முகவரிக்காக வருபவரைத் தடுக்க இது நல்ல ஏற்பாடு.

மக்களோடு உறவு

மூன்று உறவுகளில் இதுவே கடினமானது. நிறுவனத்திற்கு அலுவலகம் உண்டு. அயல் நாட்டுப் பல்கலைக் கழகத்திற்குத் துணைவேந்தர் உண்டு. கையெழுத்திட ஆள் உண்டு. மக்கள் சார்பில் மேசைக்கு வந்து யார் கையெழுத்திடுவது?

சென்னைக் குழுவினர் என்-லோக் என்ற நிறுவனத்தைத் தோற்றுவித்து, கார்டெக்ட் மூலம் கிராமங்களில் இணைய நிலையங்கள் அமைத்தார்கள். அந்தந்த ஊர் இளைஞரோ பெண்ணோ கடன் வாங்கி நிலையத்தை நடத்துவார். மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் ஹார்வர்டு, எம்.ஐ.டி. ஆகியவற்றின் துணையோடு இம்முயற்சி நடந்தது. சான்றிதழுக்கு விண்ணப்பிக்கத் தாலுகா அலுவலகத்திற்கு நடையாய் நடந்தவர் ஊரிலிருந்தே விண்ணப்பித்தார். கண்ணில் குறையுள்ள பாட்டியின் கண்ணைப் படம் பிடித்து மதுரை அரவிந்த் கண் மருத்துவ மனைக்கு அனுப்பி, மருத்துவரின் கருத்தைப் பெற முடிந்தது.

ஆனால் சில ஆண்டுகளில் அந்நிலையங்கள் பல மூடப்பட்டன. வருமானம் கட்டுப்படியாகவில்லை. தொடக்கத்தில் ஊக்கத்தோடு ஒத்துழைத்த அலுவலர்கள் மாற்றலாகிப் போனதும் அலுவலகத்தின் ஒத்துழைப்பு குறைந்தது. கைப்பேசி மலிந்து எங்கும் பரவியது. இதைத் தோல்வி என்று ஒதுக்கிவிடலாகாது. மக்களுக்கான திட்டத்தைத் தொடங்குவதற்கு ஆர்வம் போதும். தொடர்ந்து நடத்த வருமானமும் பொறுப்பேற்கும் அமைப்பும் வேண்டும் என்ற பாடத்தை அது விட்டுச் சென்றது.

இன்னோர் உதாரணம் நம் மொழியைப் பற்றியது. கணிப்பொறி ஆங்கிலம் மட்டுமே அறிந்திருந்த காலத்தில், கான்பூரில் பேராசிரியர் ஆர். எம். கே. சின்காவும் அவர் குழுவினரும் இந்திய எழுத்துகளைத் திரையில் கொண்டுவரும் ஆராய்ச்சியில் இறங்கினார்கள். 1983இல் டில்லியில் நடந்த உலக இந்தி மாநாட்டில் தேவநாகரிக் கணிப்பொறியைக் காட்டினார்கள். அதிலிருந்து வளர்ந்த ஜிஸ்ட் என்னும் தொழில் நுட்பம் பின்னர் புனேயிலுள்ள சி-டாக் நிறுவனத்திற்குச் சென்று, பல இந்திய மொழிகளுக்கும் பயன்பட்டது. 1991இல் இந்திய எழுத்துகளுக்கான இஸ்கி என்னும் குறியீட்டுத் தரம் வெளியாயிற்று. பல இந்திய மொழிகளுக்கும் ஒரே அட்டவணை. எழுத்துருவை மாற்றினால் இந்தியில் உள்ள பெயர் தமிழில் தெரியும். இது பெரிய வசதி. ஐயமில்லை.

ஆயினும் அந்த அட்டவணை தேவநாகரியை அடியொற்றியது. அதன் முந்தைய வடிவத்தைப் பின்பற்றியே உலகப் பொதுக் குறியீடான யூனிகோடில் தமிழுக்கு இடம் வகுத்தார்கள். இன்றும் அங்கே 'க'வுக்கும் 'ங'வுக்கும் இடையே மூன்று நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன. 'ப'வுக்கும் 'ம'வுக்கும் இடையே மூன்று. தேவநாகரியில் அங்கே எழுத்துகள் உண்டு, நமக்கு இல்லை. 'ந'வுக்கு அடுத்து 'ன' உட்கார்ந்திருக்கிறது. 'ர'வுக்கு அடுத்து 'ற' வந்துவிட்டது. நாம் பள்ளியில் 'ய, ர, ல, வ, ழ, ள, ற, ன' என்று சொன்ன முறை அங்கே இல்லை. ஆகவே குறியீட்டு எண்ணை மட்டும் நம்பிப் பெயர்ப் பட்டியலை வரிசைப்படுத்தினால் அகராதி முறை தவறும். அதைத் திருத்தத் தனியே ஒரு வரிசை அட்டவணை வேண்டும். அது எழுதப்பட்டிருக்கிறது, குறை தீர்க்க முடியாததன்று. ஆனால் மேசையில் இடம் பெறாதவனுக்குப் பிறகு ஒட்டுப்போட்டுத்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதை இது காட்டவில்லையா?

தமிழர் வாளாவிருக்கவில்லை. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் கூடிப் பேசினார்கள். அதன் பயனாகத் 'தமிழ் 99' விசைப்பலகை தரமாயிற்று. 2010இல் தமிழக அரசு, ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனி இடம் தரும் டேஸ் 16 குறியீட்டையும் யூனிகோடோடு சேர்த்து ஏற்றது. உலகம் முழுதும் வழங்குவது யூனிகோடுதான். முதலில் வந்தவன் பிடித்த இடத்தை மாற்றுவது எளிதன்று.

இன்று அதே மேசை மறுபடி போடப்பட்டிருக்கிறது. இம்முறை எழுத்துக்கு அன்று, பேச்சுக்கு. சென்னைக் கழகத்தில் 'ஏ.ஐ. ஃபார் பாரத்' என்னும் ஆராய்ச்சிக் குழு, அரசியல் சட்டத்தின் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுக்கும் மொழிபெயர்ப்பு, பேச்சறிதல் ஆகிய கருவிகளை அமைத்து வருகிறது. நந்தன் நீலேகணி குடும்பத்தார் 36 கோடி ரூபாய் நன்கொடை அளிக்க, 2022இல் அதற்கென ஒரு மையம் திறக்கப்பட்டது. பல ஊர்களில் பலதரப்பட்ட மக்களைப் பேசச் செய்து பதிவு செய்கிறார்கள். ஆராய்ச்சிப் பயனை எல்லாரும் எடுத்துப் பயன்படுத்தத் திறந்து வைக்கிறார்கள். தொழில் செய்து ஈட்டிய செல்வமும் பல்கலைக் கழகத்து அறிவும் மக்களின் குரலும் ஓரிடத்தில் சேரும் அரிய முயற்சி இது.

மூன்று கேள்விகள்

இவ்வளவும் பார்த்த பிறகு, அறிவிப்புப் பலகையிலுள்ள படத்தைப் பார்த்து நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று என்று எனக்குத் தோன்றுகிறது.

முதல் கேள்வி: ஆராய வேண்டிய சிக்கலைத் தேர்ந்தெடுப்பவர் யார்? நிறுவனமே எல்லாச் சிக்கலையும் கொடுக்குமானால் துறை அதன் கிளை அலுவலகம் ஆகிவிடும். மாணவன் குறைந்த கூலிக்கு வேலை செய்பவனாகிவிடுவான். துறையே எல்லாவற்றையும் கற்பனை செய்துகொண்டால் ஆராய்ச்சி அலமாரியில் உறங்கும். தொலைபேசிச் செலவைக் குறைப்பது எப்படி என்று சென்னைக் குழு கேட்டதுபோல், நாட்டின் தேவையிலிருந்து கேள்வி பிறக்க வேண்டும்.

இரண்டாம் கேள்வி: விளைவு யாருக்குச் சொந்தம்? எழுதிய நிரல், கண்ட முறை, திரட்டிய தரவு ஆகியவற்றை வெளியிட மாணவனுக்கு உரிமை உண்டா? ஆய்வேட்டை வெளியிட எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும்? இவை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கும். திட்டத்தில் சேரும் முன் அதைக் கேட்டு வாங்கிப் படிக்க மாணவன் வெட்கப்பட வேண்டியதில்லை. படிக்காமல் சேர்ந்து, இரண்டாண்டு உழைப்பை வெளியிட முடியாமல் தவித்த ஒருவரை நான் அறிவேன். அவர் திறமையில் குறைவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டிய நாளில் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் கேள்வி: துணைவர் போன பின் என்ன மிஞ்சும்? கான்பூரில் ஆசிரியரும் பாடமும் மிஞ்சின. மேலூரில் நிலையங்கள் மூடப்பட்டன, அனுபவம் மிஞ்சியது. சில ஒப்பந்தங்களில் படம் மட்டுமே மிஞ்சுகிறது.

நண்பர் கேட்ட கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். நமக்கு என்ன கிடைக்கும் என்பது ஒப்பந்தத்தை மட்டும் பொறுத்ததன்று. அம்மேசையில் நாம் இருக்கிறோமா என்பதையும் பொறுத்தது. கணிப்பொறி படிப்பவருக்கு மட்டும் இதில் வேலை என்று எண்ண வேண்டாம். மக்கள் பேச்சைப் பதிவு செய்யும் முயற்சிகள் நடக்கும்போது, நெல்லைப் பேச்சும் கொங்குப் பேச்சும் தஞ்சைப் பேச்சும் அறிந்த நாம், ஊரை விட்டுப் பல நூறு மைல் தள்ளி ஒரே விடுதியில் கூடியிருக்கிறோம். இப்படியொரு தொகுப்பு ஊரிலேயே எளிதில் கிடைக்காது! நம் சங்கம் பொங்கல் விழா நடத்துவதோடு நில்லாமல், விடுமுறையில் ஊர் செல்லும் உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் பாட்டி தாத்தாவின் பேச்சை, அவர்கள் இசைவு பெற்று, இத்தகைய திறந்த தொகுப்புகளுக்குப் பதிந்து தர ஏற்பாடு செய்யலாம். கணிப்பொறித் துறை நண்பர்கள் அதற்கு வழி காட்டட்டும். தமிழும் விஞ்ஞானமும் வரலாறும் படிக்கும் நாம் குரல் கொடுப்போம்.

எழுத்துக்கு இடம் வகுத்த நாளில் நாம் மேசைக்குத் தாமதமாகப் போனோம். பேச்சுக்கு இடம் வகுக்கும் நாளிலும் தாமதிக்கலாமா? வடத்தில் ஒரு கை வைக்க நமக்கும் இடம் இருக்கிறது. வாருங்கள், இழுப்போம்.